அரிமா சங்கத்தின் அடுத்த ஆறு மாதத் திட்டம்: கண் முகாமுக்கு வருகிறார்கள், பேருந்தில் ஏற மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பாமணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். எங்கள் அரிமா சங்கத்துக்கு (லயன்ஸ் கிளப்) இந்த ஜூலை 1 முதல் நான் செயலாளர். அரிமா சங்கத்தின் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், அதனால்தான் இப்போது புதுப் பொறுப்பு. உறுப்பினர்கள் 26 பேர், கூட்டத்துக்கு ஒழுங்காக வருபவர்கள் 14, 15 பேர் இருப்பார்கள். உரக்கடை, மருந்துக்கடை, அரிசி மண்டி வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர், ஒரு எல்ஐசி முகவர். நான் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன்.

போன இரண்டு மாதம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் முழுக்கப் பேருந்து நிலையத்தில் நீர்மோர்ப் பந்தல். கடைசி வாரம் பணம் போதாமல் மோர் நின்று தண்ணீர் மட்டும் கொடுத்தோம், ஆனால் ஒரு நாளும் பந்தலை மூடவில்லை. ஜூனில் பள்ளி திறந்தவுடன் 40 பிள்ளைகளுக்கு நோட்டும் பையும். அரசு மருத்துவமனைக்கு இரண்டு சக்கர நாற்காலி. போன வருடம் குளக்கரையில் நட்ட 100 மரக்கன்றில் இப்போது 17தான் நிற்கின்றன, அதுவும் அங்கே டீக்கடை வைத்திருக்கும் அக்கா பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றியதால்.

இனி வரப்போவது: ஆகஸ்ட் 15 அன்று ரத்ததான முகாம், 150 யூனிட் எடுக்க வேண்டும் என்று தலைவர் ஆசைப்படுகிறார். ஆகஸ்ட் கடைசியில் கண்தான இருவார விழா, 500 பேரிடம் உறுதிமொழிப் படிவம் வாங்குவது. அக்டோபர் இரண்டாவது ஞாயிறு இலவசக் கண் முகாம். நவம்பர் 14 சர்க்கரை நோய்ப் பரிசோதனை. டிசம்பரில் முதியவர்களுக்குப் போர்வை. கையிருப்பு 85 ஆயிரம் ரூபாய்.

என் கவலை கண் முகாம்தான். போன வருடம் 212 பேர் வந்தார்கள். 38 பேருக்குக் கண்புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மத்தியானம் ஆபரேஷனுக்காக மருத்துவமனைக்குப் பேருந்து கிளம்பும்போது ஏறியவர்கள் 11 பேர். எல்லாமே இலவசம், சாப்பாடு உட்பட. பேருந்து பாதி காலியாகப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. மீதி 27 பேர் இப்போதும் எங்கள் ஊர்த் தெருக்களில் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறார்கள். முகாம் நடத்திப் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து எங்கே தப்பு என்று நேராகச் சொல்லுங்கள்.

கொடைரோடு எழுதியது:

தம்பி, நான் திண்டுக்கல் பக்கம். 22 வருடம் கண் முகாம் வேலை பார்த்திருக்கிறேன், இப்போது வயதாகிவிட்டது, ஆலோசனை சொல்வதோடு சரி. 38-இல் 11 என்றால் நீ வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்களுக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் காரணம் என்னவென்று அந்த 27 வீட்டுக்கும் போய்க் கேட்டாயா? அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். திட்டத்தை அப்புறம் எழுதலாம்.

நாங்கள் ஒரு வருடம் அப்படிப் போனோம். ஒருவர் கூட "ஆபரேஷன் வேண்டாம்" என்று சொல்லவில்லை. மாட்டை யார் பார்ப்பது, பேத்தியைப் பள்ளியில் விட ஆளில்லை, மகன் திருப்பூரில் இருக்கிறான் அவனைக் கேட்காமல் எப்படிப் போவது, மாற்றுப் புடவை எடுத்து வரவில்லை, சர்க்கரை மாத்திரை வீட்டில் இருக்கிறது. இவ்வளவுதான். பரிசோதனைக்கு என்று கிளம்பி வந்த ஆளை மத்தியானமே பேருந்தில் ஏற்றி மூன்று நாள் வெளியூருக்கு அனுப்புகிறோம், எழுபது வயதுக்காரர் எப்படி வருவார்? நம் வீட்டுப் பெரியவர்கள் வருவார்களா?

ஒரு பாட்டிக்கு நான்கு ஆடு. அவற்றை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று இரண்டு வருடம் தட்டிக் கழித்தார். மூன்றாவது வருடம் எங்கள் உறுப்பினர் ஒருவரின் மனைவி அந்த ஆடுகளைத் தன் வீட்டுக் கொல்லையில் மூன்று நாள் கட்டிவைத்துத் தழை போட்டார். பாட்டி வந்தார், லென்ஸ் வைத்துத் திரும்பி வந்தவர் நேராக ஆட்டைத்தான் பார்க்கப் போனார். "இது இவ்வளவு வெள்ளையா" என்று கேட்டாராம். அந்த முகாமுக்கு நாங்கள் செய்த செலவில் மிகவும் பலன் கொடுத்தது அந்த நான்கு கட்டுத் தழைதான்.

அதனால் நோட்டீஸில் இதையெல்லாம் அச்சடித்துவிடு: ஆபரேஷன் தேவைப்பட்டால் அன்றே கூட்டிப்போவோம், எத்தனை நாள் தங்க வேண்டும், மாற்று உடை, ஆதார் நகல், சாப்பிடும் மாத்திரைகள் கொண்டு வர வேண்டும், காலையில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு வரவேண்டும். வெறும் வயிற்றோடு வந்து சர்க்கரை ஏறி இறங்கித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். "புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி எழுது. லென்ஸ் வைக்காத காலத்தில் அப்படிக் காத்திருந்தார்கள், இப்போது தேவையில்லை, அதிகம் முற்றினால் ஆபரேஷன்தான் கஷ்டமாகும். வெயில் காலத்தில் ஆபரேஷன் செய்யக் கூடாது என்பதும் அதே மாதிரி பழைய பயம்தான்.

விளம்பரத்துக்கு ஆட்டோவில் மைக் கட்டினால் மட்டும் போதாது. உங்கள் பகுதியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரை கொடுக்கும் பெண்கள் இருப்பார்கள், 2021-இல் ஆரம்பித்த திட்டம். எந்த வீட்டுத் திண்ணையில் கண் தெரியாமல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு நம் சங்கத்தில் யாருக்கும் தெரியாது. கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேள். முகாமுக்கு முன்பே பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால், முந்தின நாளே அந்த வீடுகளுக்குப் போய் மகனிடம் போனில் பேசி ஒப்புதல் வாங்கிவிடலாம்.

இன்னொன்று, சொல்வதற்குக் கஷ்டமான விஷயம். எங்கள் ஐந்தாவது முகாமில் ஆபரேஷன் செய்த ஒரு பெரியவருக்கு வீட்டுக்கு வந்த பிறகு கண் சிவந்து சீழ் பிடித்துவிட்டது. சொட்டு மருந்து தீர்ந்து போயிருக்கிறது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஐந்து நாள் வீட்டிலேயே படுத்திருந்திருக்கிறார். நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. தெரிந்து கூட்டிப் போனபோது நேரம் கடந்துவிட்டது, அந்தக் கண் போய்விட்டது. பேருந்து திரும்பி வந்ததோடு முகாம் முடிந்தது என்று நினைத்தோம், அது எங்கள் தப்பு. அதற்குப் பிறகு ஆபரேஷன் ஆன ஒவ்வொருவருக்கும் ஒரு உறுப்பினர் பொறுப்பு. முதல் வாரம் தினமும், அப்புறம் ஒரு மாதம் வரை வாரம் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மருந்து இருக்கிறதா, கண்ணில் தண்ணீர் படாமல் இருக்கிறார்களா, வலி இருக்கிறதா, சிவப்பு இருக்கிறதா. ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு நாமே வண்டி வைத்துக் கூட்டிப்போக வேண்டும். உன்னிடம் 14 பேர் இருந்தால் 30 பேருக்கு மேல் ஆபரேஷனுக்கு அனுப்பாதே.

கடைசியாகத் தேதி. அக்டோபர் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் பக்கம் அது நடவு நேரம் இல்லையா?

ஓ நெகட்டிவ் எழுதியது:

கண் முகாம் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஒரு ரத்த வங்கியில் தொழில்நுட்பராக இருக்கிறேன், ரத்ததான முகாம் பற்றி மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் கோபமாக எழுதினால் மன்னித்துவிடுங்கள் சார், ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் இதே கதைதான்.

அன்றைக்கு எல்லாச் சங்கமும், எல்லாக் கட்சியும், எல்லா ரசிகர் மன்றமும் முகாம் வைக்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரே குழு, குறிப்பிட்ட அளவு குளிர்பெட்டிதான். ரத்தம் என்பது அரிசி மாதிரி மூட்டை கட்டி வைக்கிற பொருள் இல்லை. சிவப்பணு, சேர்க்கிற திரவத்தைப் பொறுத்து 35 நாள் அல்லது 42 நாள் இருக்கும். தட்டணு (பிளேட்லெட்) வெறும் 5 நாள். ஆகஸ்ட் 15 அன்று 150 யூனிட் எடுத்தால் அதில் பிரிக்கிற தட்டணு ஆகஸ்ட் 20-க்குள் பயன்பட்டாக வேண்டும், இல்லையென்றால் கொட்டத்தான் வேண்டும். டெங்கு வருவது மழைக்காலத்தில். அப்போது தட்டணு கேட்டு ஆட்கள் வாசலில் அழுதுகொண்டு நிற்பார்கள், நான் போன் போட்டால் உங்கள் ஊரில் யாருமே கொடுக்க முடியாது. ஏனென்றால் ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும். ஆகஸ்ட் 15-க்குக் கொடுத்த 150 பேரும் நவம்பர் நடுப்பகுதி வரை பூட்டு.

இன்னொரு வறட்சி ஏப்ரல், மே. கல்லூரிகளில் தேர்வு, விடுமுறை, எங்களுக்குக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அந்த இரண்டு மாதமும் பிரசவத்துக்கு, விபத்துக்கு, தலசீமியா என்ற பிறவி ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தம் கிடைக்காமல் நாங்கள் படும் பாடு சொல்லி மாளாது. தலசீமியா உள்ள குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், அதற்குச் சுதந்திர தினம், குடியரசு தினம் எதுவும் தெரியாது.

எனவே ஒரே நாளில் 150 வேண்டாம். 30, 35 பேராக ஐந்து முறை வையுங்கள். ஆகஸ்ட்டில் ஒன்று, அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாளை ஒட்டி ஒன்று, டிசம்பரில், பிப்ரவரியில், அப்புறம் மே மாதம் கட்டாயம் ஒன்று. அதோடு ஊரில் யாருக்கு என்ன வகை, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் வகைக்காரர்களை முகாமில் அழைக்கவே வேண்டாம், அவர்களைத் தேவைப்படும்போது தனியாக அழைப்போம். என் வகையும் அதுதான், அதனால் தெரியும்.

18 முதல் 65 வயது, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். பெண்களை எடுத்த எடுப்பிலேயே "உங்களுக்கு ரத்தம் கம்மியாக இருக்கும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள், சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் அதுவும் அவர்களுக்கு உதவியான செய்திதான், அவர்களில் பலருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெரியும்.

கணக்கு டீச்சர் எழுதியது:

பாமணிக்கரை சார், உங்கள் பட்டியலில் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் இருக்கிறது. பலகை தெரியாத பிள்ளைக்கு நோட்டு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், மூன்றையும் எட்டையும் மாற்றி மாற்றி எழுதுவான். கவனக் குறைவு என்று நானே இரண்டு மாதம் திட்டியிருக்கிறேன். ஒருநாள் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று எழுதச் சொன்னபோது எல்லாம் சரியாக எழுதினான். கண்ணைச் சோதித்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றுக்கு மேல். அவன் பிறந்ததிலிருந்து உலகம் அப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான், அவனுக்கு அதைப் புகாராகச் சொல்லக்கூடத் தெரியவில்லை. அவனைத் திட்டியதை நினைத்தால் இப்போதும் மனது வலிக்கிறது.

அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள். அது இருக்கும்போது சங்கம் தனியாக எதற்கு என்று கேட்கலாம். இடைவெளி எங்கே என்றால், கண்ணாடி போட்ட மூன்றாம் மாதம் உடைந்துவிடும், அல்லது கிண்டல் செய்கிறார்கள் என்று பைக்குள் போய்விடும், பெண் பிள்ளையாக இருந்தால் "கண்ணாடி போட்டால் யார் கட்டிக்கொள்வார்" என்று வீட்டிலேயே கழற்றச் சொல்வார்கள். அந்த இடத்தில் சங்கம் வரலாம். உடைந்த கண்ணாடியை மாற்றிக் கொடுக்க உங்கள் ஊர்க் கண்ணாடிக் கடைக்காரரோடு ஒரு ஏற்பாடு. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கண்ணாடி போட்ட உங்கள் உறுப்பினரே ஐந்து நிமிடம் பேசுவது. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். தயவுசெய்து வீட்டில் கிடக்கும் பழைய கண்ணாடிகளைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். ஒருவர் கண்ணின் பவர் இன்னொருவருக்குப் பொருந்தாது, சரியாகச் சோதித்துப் புதிதாகப் போட்டுக் கொடுப்பதே குறைந்த செலவு.

இன்னொன்று கேட்கலாமா? 26 பேரில் பெண்கள் எத்தனை பேர்? அரிமா சங்கம் 1987-இலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. நீங்கள் எழுதியதில் உரக்கடை, மண்டி என்று வருகிறதே தவிர ஒரு பெண்ணும் வரவில்லை. கொடைரோடு ஐயா சொன்ன கதையில் ஆட்டைப் பார்த்துக்கொண்டவர் உறுப்பினரின் மனைவிதான், உறுப்பினர் இல்லை. வீட்டுக்குள் போய்ப் பாட்டிகளிடம் பேச வேண்டும் என்றால் அந்த வேலைக்குப் பெண்கள் உறுப்பினராகவே வேண்டும். மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய டீக்கடை அக்காவை முதலில் கேளுங்கள்.

தஞ்சாவூர்க்காரி எழுதியது:

கண்தான உறுதிமொழிப் படிவம் 500 என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா 2009-இல் அப்படி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் இறந்த அன்று அது எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் பீரோவை ஒழிக்கும்போது ஒரு மாதம் கழித்து அந்த அட்டை கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து அம்மா போனபோது எந்தப் படிவமும் இல்லை. ஆனால் நாங்கள் கொடுத்தோம். படிவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசியில் வீட்டில் இருப்பவர்கள் சம்மதித்தால்தான் நடக்கும், அவர்கள் சம்மதித்தால் படிவம் இல்லாமலும் நடக்கும். இது பலருக்குத் தெரியவில்லை. எனவே 500 பேரிடம் கையெழுத்து வாங்குவதைவிட 50 வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அம்மா அதிகாலையில் போனார். பக்கத்து வீட்டு அண்ணன் கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு எங்களிடம் சொன்னது இதுதான்: மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி மேலே சுத்தமான ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்கு இரண்டு தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்றார். அவர்கள் வந்து இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, மாலையில் வந்த சொந்தக்காரர்களுக்கு நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது. அம்மாவுக்கு 78 வயது, சர்க்கரை உண்டு, ஒரு கண்ணில் புரை ஆபரேஷனும் ஆகியிருந்தது. இதெல்லாம் தடையே இல்லை. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி வகை மஞ்சள் காமாலை, வெறிநாய்க்கடி, ரத்தத்தில் கிருமி பரவி இறந்தவர்கள், இப்படிச் சில நிலைகளில்தான் எடுக்க மாட்டார்கள், அதை அவர்களே விசாரித்து முடிவு செய்வார்கள்.

உங்கள் சங்கத்தில் இரண்டே பேர் போதும். ஊரில் ஒரு சாவு என்றால் அந்த வீட்டுக்குப் போய், சத்தம் இல்லாமல், பெரியவர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணைக் கொடுக்கலாமா" என்று ஒரே ஒரு முறை கேட்கத் தெரிந்த இரண்டு பேர். வேண்டாம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். எங்கள் தெருவில் அந்த அண்ணன் அப்படித்தான் செய்வார். அன்றைக்கு அவர் கேட்காமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது.

நான்கு வருடம் பொருளாளர் எழுதியது:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். 85 ஆயிரம் என்றீர்கள், அதில் உறுப்பினர் சந்தா எவ்வளவு, பொதுமக்களிடம் வசூல் செய்தது எவ்வளவு? அரிமா விதிப்படி இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். வெளியாரிடம் வாங்கிய ஒரு ரூபாயும் சேவைக்குத்தான் போக வேண்டும், பதவியேற்பு விழா விருந்து, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் நம் சந்தாவிலிருந்துதான். வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருந்தால் வருடக் கடைசியில் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. நாங்கள் முகாம் முடிந்த வாரமே வரவு செலவை எழுதிப் பேருந்து நிலையத்தில் ஒட்டினோம். அடுத்த முறை வசூலுக்குப் போனபோது கடைக்காரர்கள் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள்.

ஆளுயர பிளெக்ஸ் வைப்பதை ஒரு வருடம் நிறுத்திப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் மறு பரிசோதனைக்குப் போகிற வண்டி வாடகை வந்துவிடும்.

பாமணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே நானும் எங்கள் துணைத் தலைவரும் போன வருடப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். நான்கு நாள் மாலை நேரம் பிடித்தது. 27 பேரில் 22 பேரைப் பார்த்தோம். இரண்டு பேர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள், மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அந்த மூன்று வீட்டிலும் என்ன பேசுவது என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

கொடைரோடு ஐயா, நீங்கள் சொன்னதுதான். மாடு, பேரப்பிள்ளை, மகனின் சம்மதம். இரண்டு பேர் மட்டும் ஊசிக்குப் பயம் என்றார்கள். ஒரு தாத்தா சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாத காரணம்: போன முகாமில் "அறுவை சிகிச்சை" என்று எழுதிய சீட்டை அவர் கையில் கொடுத்திருக்கிறோம், அவருக்குக் கண்ணும் தெரியாது, படிக்கவும் தெரியாது, மருந்துச் சீட்டு என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்தச் சீட்டு இன்னும் அவர் சட்டைப் பையில் இருந்தது.

நடவு பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அக்டோபரில் எங்கள் பக்கம் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றாக ஓடும், கூடவே மழையும் வந்துவிடும். தேதியைப் போட்டபோது உலகப் பார்வை நாள் அக்டோபரில் வருகிறது என்பதைத்தான் பார்த்தோம். நாற்று நடும் பெண்களைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நேற்றுக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசி இப்படி மாற்றியிருக்கிறோம். இந்த 22 பேரில் 16 பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள், அவர்களை மட்டும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இரண்டு வேனில் நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறோம். எட்டு உறுப்பினர்கள், ஆளுக்கு இரண்டு பேர் பொறுப்பு. பெரிய முகாம் சம்பா அறுப்பு முடிந்து மார்ச்சில். அதற்குள் பட்டியல் எடுத்துவிடுவோம்.

ஆகஸ்ட் 15 ரத்ததானம் 35 பேரோடு நிற்கும். தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் தட்டணு 5 நாள்தான் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். மே மாத முகாமை நீர்மோர்ப் பந்தலோடு சேர்த்து வைக்கலாம் என்று அவரே சொன்னார். நெகட்டிவ் வகை நோட்டு போட ஆரம்பித்தாயிற்று, இதுவரை ஐந்து பேர். கண்தானத்துக்குப் பேச எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் மருந்துக்கடைக்காரரும் முன்வந்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ச் சகோதரி எழுதியதைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தேன், அதற்குப் பிறகு படிவம் அச்சடிக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

டீச்சர், பெண்கள் யாரும் இல்லை, உண்மைதான். டீக்கடை அக்காவிடம் போய்க் கேட்டேன். சந்தா எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மாலையில் கடைக்கு வந்து, சந்தாவை மூன்று தவணையாகக் கட்டலாமா, தன்னோடு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், கூட்டத்தைக் கடை மூடுகிற எட்டு மணிக்கு மேல் வைக்க முடியுமா என்று கேட்டார். இனிமேல் கூட்டம் எட்டரைக்கு.

ஒரு கேள்வி மட்டும் மீதி. அந்த 16 பேரில் ஒரு அம்மாவுக்குக் கறவை மாடு இருக்கிறது, காலை மாலை இரண்டு வேளையும் கறக்க வேண்டும், புது ஆளைக் கண்டால் உதைக்குமாம். மூன்று நாளுக்கு என்ன செய்யலாம்?

கொடைரோடு எழுதியது:

இன்றைக்கே ஆளை முடிவு செய்துவிடு தம்பி. அந்த அம்மாவின் பழைய புடவை ஒன்றைப் போர்த்திக்கொண்டு, அவர் கூடவே பத்து நாள் போய்த் தீவனம் வைத்துத் தடவிக் கொடுக்கச் சொல். அவர் பக்கத்தில் நிற்க, ஐந்தாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்து பழகட்டும். மாடு ஆளைத் தெரிந்துகொள்ளும். ஆகஸ்ட் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.